சாவியின் நிழல்

விடியும் முன்னரே எங்கள் போஹீமிய மலைக்குள் சம்மட்டிகள் விழத் தொடங்கிவிடும். உள்ளே கிடக்கும் யுரேனியக் கல் தாரைப்போலக் கறுப்பு, ஈயத்தைப்போலப் பாரம். ஒரு துண்டைப் பையில் போட்டால் கால்சட்டை இறங்கிவிடும். அதைத் தாங்கத்தான் இடுப்பின் பின்புறம் தோல் கட்டுகிறோம் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்வேன். நம்பாதவர் இல்லை. உண்மையில் ஈரப்பாறையில் உட்காரத்தான் அது. அதை அவிழ்த்துக் கம்பியில் மாட்டினால் வேலையை விட்டதாக அர்த்தம்; மாட்டியவன் பிறகு குழிக்குள் இறங்குவதில்லை.

எங்களோடு கல் வெட்டிய வெண்டெலினின் தோலை அவிழ்க்கச் சொன்னவர் முதலாளி ஹவ்ரானெக். இருமுகிறவனுக்கு வேலை கிடையாதாம்; வேலை போனால் சுரங்கம் கொடுத்த வீடும் போகும்.

கல் பிரிக்கும் போஷெனா முன்னே நடக்க, முதலாளியின் அறைக்குப் போனோம்.

"குழிக்குள்ள காத்துக் குழாய் போடுங்க. கல்லு ஆளைத் தின்னுது" என்றாள்.

"அது குடிகார இருமல்டி. இதே கல்லு வருஷக்கணக்கா என் மேசையில கிடக்கு. நான் எப்படி இருக்கேன் பாரு."

"பாத்தோம். கல்லுதான் பாவம்" என்றேன்.

"கெழவா, வாயை மூடு."

அப்போது புகைப்படக்காரர் இக்னாட்ஸ் வந்தார். முதலாளியைப் படம் பிடிப்பதற்கான கண்ணாடித் தகடுகள், கறுப்புத் தாள் சுற்றிய பெட்டியில், அதே மேசையின் இழுப்பறைக்குள்தான், கல்லுக்கு நேர்கீழே, பல வாரம் இருந்தன.

"படம் விழலைங்க. வெளிச்சம் படுறதுக்கு முன்னாடியே தகடெல்லாம் கெட்டிருக்கு."

தகட்டைச் சன்னலில் பிடித்தார். முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும் வெள்ளையாய் ஒரு சாவி.

போஷெனா இழுப்பறையைத் திறந்தாள். பெட்டியின் மேல் கிடந்து, அதை எடுத்தபோது உள்ளேயே விழுந்த அதே சாவி. வெண்டெலின் வீட்டு எண் பொறித்திருந்தது.

"அவனை வெளியேத்தறதுக்குப் பல வாரம் முன்னாடியே சாவியை எடுத்து வச்சாச்சாக்கும். பலகை, பெட்டி, தாளு எல்லாத்தையும் துளைச்சுத் தகட்டைக் கறுக்க வச்ச கல்லுக்கு எங்க நெஞ்சு எம்மாத்திரம்?" என்றாள்.

"நாளைக்கு இறங்காதவன் வீட்டுச் சாவியும் என்கிட்டதான் இருக்கு" என்றார் முதலாளி.

மறுநாள் விடியலில் சம்மட்டி விழவில்லை. சுரங்க வாயிற்கம்பியில் எங்கள் தோல்கள் வரிசையாகத் தொங்கின. போஷெனா தன் சுத்தியலை மாட்டினாள். பிறகு எல்லோரும் வெண்டெலின் வீட்டு வாசலை அடைத்து உட்கார்ந்தோம்.

முதலாளி சாவியோடு வந்தார். "வழி விடுங்கடா."

"சாவி உங்ககிட்ட, வாசல் எங்ககிட்ட" என்றாள் போஷெனா.

அவர் என்னைக் காலால் தள்ளினார். "எந்திரி."

"முடியாதுங்க. தோலை அவிழ்த்தாச்சு, எந்திரிச்சா கால்சட்டை இறங்கிடும்."

கதவுக்குப் பின்னால் வெண்டெலின் சிரித்தான். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நீண்டது. அது அடங்கும்வரை முதலாளி நின்றுகொண்டே இருந்தார். எங்களில் ஒருவரும் எழவில்லை.