பட்டை தொடங்கும் இடம்

காலை ஆறே முக்காலுக்குத் தவிட்டுக்குருவிகளின் சத்தம் மாறியது.

டீ வடிகட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். அந்தக் குருவிகள் எந்நேரமும் வாய் ஓயாதவை. கூட்டமாக வரும், வேலியடிச் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும், தங்களுக்குள் சண்டை போட்டுவிட்டுப் போகும். இது சண்டை இல்லை. எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தின.

பின்கதவைத் திறந்தாள். சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கிய கொழுந்தன் அவளுக்கு முன்பே அங்கே இருந்தான். வேலியோரம் குந்தியிருந்தான்.

"நில்லுங்க அண்ணி. ஒண்ணும் இல்ல, நம்ம ஆளுதான். போன மாசம் குளியலறைக்கு விருந்தாட வந்தாரே, அவரேதான்."

போன மாதம் வந்தது ஓநாய்ப் பாம்பு. கறுத்த உடம்பில் வெள்ளைப் பட்டைகள். பார்க்கக் கட்டுவிரியன் மாதிரியே இருக்கும், விஷம் கிடையாது. கொழுந்தன் கட்டையை ஓங்கினான். அவள் தடுத்தாள். துடைப்பத்தால் வாளிக்குள் தள்ளி, வேலிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டாள்.

அன்று வீடு ரெண்டுபட்டது. அவனுக்குத் தவழ்கிற குழந்தை இருக்கிறது. வேலிச் செடிகளை வேரோடு எடுத்துவிட்டுக் கொல்லை முழுக்க சிமெண்டு போட வேண்டும் என்றான். வேலி அவள் கல்யாணமாகி வந்த வருடம் நட்டது. எந்தக் கிளையில் எந்தக் குருவி உட்காரும் என்பது அவளுக்கு அத்துப்படி.

"விஷமுள்ளது ஒண்ணு வரட்டும். நானே வேலியை வெட்டிடறேன்" என்றாள். எல்லார் முன்னாலும் சொன்னாள்.

கொழுந்தனுக்கும் அன்றிலிருந்து ஒரு வீம்பு. கட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் ஓடிய ஓட்டத்தை அவன் மனைவி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நடித்துக் காட்டியிருந்தாள்.

"வாளிகூட வேணாம். கையாலயே தூக்கிடறேன் பாருங்க" என்றான் இப்போது.

அண்ணி செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு வாயில் இருக்கிற பற்களுக்குப் பொருந்துகிற வெள்ளையில் புதுப் பல் செய்ய வேண்டும். ஒரு சாயல் தப்பினாலும் சிரிக்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை என்று ஒரே நிறம் கிடையாது என்பாள்.

குனிந்து பார்த்தாள். சருகில் பாதி மறைந்து, சுருண்டு கிடந்தது. அவள் கழுத்தைத் தேடினாள். ஓநாய்ப் பாம்புக்குப் பட்டை கழுத்திலேயே தொடங்கும், வால் நெருங்க நெருங்க மங்கும். இதன் கழுத்தில் ஒன்றுமில்லை. எண்ணெய் பூசியது போல வெறும் கறுப்பு. பட்டைகள் வெகுவாகத் தள்ளித் தொடங்கின. மெல்லியவை, இரண்டிரண்டாக. வால் பக்கம்தான் பளிச்சென்று இருந்தன.

வேலி போச்சு என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் வாய் பேசிவிட்டது.

"தம்பி, கையை எடு. அப்படியே பின்னால வா. அது கட்டுவிரியன்."

"சும்மா இருங்க அண்ணி. நீங்கதானே எனக்கே சொல்லிக் குடுத்தீங்க?"

"பட்டை இருந்தா சாதுன்னு நான் சொல்லவே இல்ல. பட்டை எங்க ஆரம்பிக்குதுன்னு பாருன்னேன். நீ பாதியிலயே எழுந்து டிவி பார்க்கப் போயிட்ட."

மாடிப் படியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் மனைவி நின்றாள்.

"அக்கா சொல்றாங்க இல்ல? உங்க வீரத்தை அப்புறமா காட்டலாம், வாங்க."

அவன் இன்னொரு முறை பார்த்தான். கழுத்திலிருந்து மெல்லக் கண்ணை நகர்த்தினான். பட்டை வர நேரமானது. நீட்டிய கையை மடியோடு சேர்த்துக்கொண்டு, குந்திய நிலையிலேயே பின்னால் நகர்ந்தான்.

பாம்பு பிடிப்பவர் வரும்வரை மூன்று பேரும் கதவருகே நின்று அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் கொக்கியால் தூக்கிக் குழாய் வழியாகப் பைக்குள் விட்டு, பையின் வாயை இறுக்கிக் கட்டினார். பிறகுதான் பேசினார்.

"இதை யாரு பார்த்துச் சொன்னது?"

"எங்க அண்ணி" என்றான் கொழுந்தன். அண்ணிக்கு அந்தக் கண்ணை அவனே வாங்கிக் கொடுத்தது போல நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"பகல்ல அசையாம கிடக்கும். சாதுன்னு நினைச்சுத்தான் நிறைய பேர் கை வைக்கிறாங்க. நல்லா பார்த்திருக்கீங்கம்மா."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். முகம் சிவந்தது. அன்று முழுக்கக் கூடத்தில் இதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

அவர் போனதும் உள்ளே போய்க் கை ரம்பத்தை எடுத்துவந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இருந்த முதல் செடியில் ரம்பத்தை வைத்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"சொன்னேன் இல்ல."

"அது ஏதோ கோவத்துல சொன்னது."

"கோவத்துல சொன்னாலும் சொன்னது நான்தானே?"

அழுகை வரவில்லை. கூலிக்கு ஆள் வைத்து வெட்டியிருந்தால்தான் அழுகை வந்திருக்கும். முதல் கிளை விழுந்தது. மதில் மேல் இருந்த குருவிகள் அவளைப் பார்த்துக் கத்தத் தொடங்கின. தங்களை விரட்டுகிறவளை நன்றாகத் தெரியும் என்பது போலக் கத்தின. அவள் அடுத்த கிளைக்குப் போனாள். அவள் வெட்டும் கோடு நேராக இருந்தது. அதிலும் அவளுக்கு ஒரு திருப்தி.

கொழுந்தன் வந்து அந்தக் கிளையைப் பிடித்தான். வெட்ட வசதியாகப் பிடிக்கிறான் என்று நினைத்தாள். அவன் ரம்பத்துக்கும் கிளைக்கும் நடுவே கையை வைத்திருந்தான்.

"கையை எடு தம்பி. இன்னிக்கு உனக்கு ரெண்டாவது தடவை சொல்றேன்."

அவன் எடுக்கவில்லை. மதிலைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல பாப்பாவை இங்கதான் இறக்கி விட்டிருப்பேன், அண்ணி."

"அதனாலதான் வெட்டறேன்."

"அதுங்க கத்தினதாலதானே நாம எட்டிப் பார்த்தோம்? வேலி போயிட்டா அதுங்களும் போயிடும். அப்புறம் நமக்கு யாரு அண்ணி சொல்லுவா?"