கீழே இறங்கு, சண்டை போடலாம்

பொலெகாஜா என்று சொல்லிவிட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். மரக்கூண்டு கட்டி ஆளேற்றும் லாரிக்கு எங்கள் ஜனங்கள் வைத்த பெயர் அது. கீழே இறங்கு, சண்டை போடலாம் என்று அர்த்தம். பெயர் வந்த விதத்துக்கு ஆளுக்கொரு கதை விடுகிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன், சிரிப்பு வருகிறதா பாருங்கள்.

என் மகள் தனிமோலாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. அவளை முதுகில் கட்டிக்கொண்டு, இபதான் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக எங்கள் ஊர் லாலுபோன் சாலையில் நின்றேன். இரண்டு லாரிகள் ஒன்றாக வந்தன. ஒரு கண்டக்டர், லாமிதி என்று பெயர், என் தலையிலிருந்த மூட்டையைப் பிடுங்கித் தன் வண்டிக்குள் எறிந்தான். மூட்டை ஏறினால் ஆளும் பின்னால் ஏறித்தானே ஆகவேண்டும், அது அவர்கள் வழக்கம். அதற்குள் மற்ற வண்டியின் கண்டக்டர் சுன்மோனு என்னை இழுத்துத் தன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டான். மகளை மடியில் போட்டுக்கொண்டேன்.

"மூட்டை என் வண்டில, ஆளு உன் வண்டிலயாடா?" என்றான் லாமிதி.

"அப்ப மூட்டைக்கு டிக்கெட் போட்டுக்க, போ!"

"ஆம்பளையா இருந்தா கீழ இறங்குடா, ஒரு கை பாத்துடலாம்!"

சுன்மோனு குதித்தான். டிரைவர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். பயணிகள் விசிலடித்தார்கள்.

"புள்ளைக்குக் கண்ணு சொருகுது, யாராவது வண்டிய எடுங்கய்யா!" என்று கத்தினேன்.

எதிர் பெஞ்சுக்காரி திரும்பாமலே சொன்னாள். "சும்மா இரு தாயி, இப்பதான் சட்டை கிழியுது."

பாவிகள். கடைசியில் ஒரு பெரியவர் வந்து விலக்கினார். இருவரும் அவர் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். ராசியானதற்கு அடையாளமாக ஒரு கோலாக் கொட்டையை உடைத்து ஆளுக்குப் பாதி மென்றார்கள். அவர்கள் சமாதானமானபோது என் மகளுக்கு மூச்சு நின்றிருந்தது.

நான் அலறினேன். "ஊர்லயாவது கொண்டுபோய் விடுங்க" என்று கெஞ்சினேன்.

"பொணம் ஏறுன வண்டி விளங்காது தாயி, இறங்கிரு" என்றான் சுன்மோனு. "அவன்தான முதல்ல மூட்டைய வாங்குனான். அவனக் கேளு."

லாமிதி என் மூட்டையைக் கொண்டுவந்து மண்ணில் வைத்தான். "நீ உக்காந்தது அவன் வண்டிலதானம்மா" என்றான்.

இரண்டு லாரிகளும் கிளம்பின. இந்தத் தடவை என்னை ஏற்றுவதற்கு யாரும் சண்டை போடவில்லை.