திரைக்குள்ளே கண்டது

என் அக்கா மவுத்தான அன்று, அடக்கத்துக்கு முன் அவளைக் குளிப்பாட்ட வெளியூரிலிருந்து ஒரு அம்மாளைக் கூட்டிவந்தார்கள். வேலையை நன்றாகத்தான் செய்தாள். முடித்துவிட்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, அக்காவின் உடம்பில் தான் கண்டதை நாலு பெண்களிடம் சொன்னாள். அக்கா முப்பது வருஷம் மூடி வைத்திருந்தது ஒரு டீ குடிக்கிற நேரத்தில் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன். நன்மையை நாடி வந்தேன் என்று சொன்னால் பொய். அருப்புக்கோட்டையில் மார்க்கம் படித்த ஓர் ஆலிமாவிடம் போய் முறையாகக் கற்றுக்கொண்டேன். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், வலப்பக்கம் முதலில், கடைசித் தண்ணீரில் கற்பூரம், பெண்ணின் உடம்பைச் சுற்ற ஐந்து துணி. இதையெல்லாம் ஒரு வாரத்தில் படித்துவிடலாம். திரைக்குள் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதும் அதில் ஒரு பாடம். அதைத்தான் ஆயுசுக்கும் படிக்க வேண்டியிருக்கிறது.

பரளச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் எங்கள் ஆட்களின் வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. ஆறு வருஷத்தில் நாற்பத்தோரு பெண்களைக் குளிப்பாட்டியிருக்கிறேன். காசு வாங்குவதில்லை. காசுக்கு எனக்குக் குறையும் இல்லை. என் வீட்டுக்காரர் காசிம் சவூதியில், தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் உழைத்துக் கட்டிய வீடு இது. மாடிப்படிக்குக்கூட கிரானைட் போட்டார். இந்த வீட்டில் அவர் இருந்தது எல்லாம் சேர்த்து நாலு மாசம். அங்கேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கமானார். அவரை யார் குளிப்பாட்டினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது மகன் ஆசாத் அதே தம்மாமில் இருக்கிறான். நான் ஓர் அறையில் படுத்துக்கொண்டு மற்ற ஐந்து அறைகளைப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வீடு தள்ளி ரசூல் பீவி அக்கா. ஊர்ச் சங்கதி எதுவானாலும் அவர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். மையத்தைக் குளிப்பாட்டிவிட்டு நான் திரும்பும்போதெல்லாம் பிடித்துக்கொள்வார்.

“ஏன்டி நர்கிஸு, அவளுக்கு வயித்துல தழும்பு இருந்துச்சாமே, மெய்யா?”

“நான் ஒண்ணும் பாக்கலக்கா.”

“கண்ணக் கட்டிக்கிட்டா குளிப்பாட்டுன?”

“ஆமாக்கா, கட்டிக்கிட்டுத்தான்.”

ஒருநாள் பொறுக்க முடியாமல், “நாளைக்கு ஒங்களப் பத்தி நாலு பேரு இப்படிக் கேட்டா நல்லாருக்குமா?” என்று கேட்டுவிட்டேன். தன் சாவைப் பேசிவிட்டேன் என்று அவருக்குக் கோபம். அதோடு பேச்சு நின்றது. மையத்தைத் தொட்ட கை என்று சொல்லி, நான் கொடுத்தனுப்பிய நோன்புக் கஞ்சியைத் திருப்பி அனுப்பினார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ஒவ்வொரு வீடாக என்னிடம் வாங்கித் தின்பது நின்றது. கல்யாண வீட்டில் நான் பரிமாறப் போனால் கரண்டியை மெல்ல வாங்கிக்கொள்வார்கள். எனக்கு அழுகை வரும். யாரிடம் போய் அழ?

இந்த வருஷம் ஆசாத்துக்கு அருப்புக்கோட்டையில் பெண் பார்த்தோம். துணிக்கடை வைத்திருக்கிற குடும்பம். எல்லாம் பேசி முடித்த பிறகு, மாப்பிள்ளையின் அம்மா மையத்துக் குளிப்பாட்டப் போவதை நிறுத்தினால்தான் சம்பந்தம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆசாத் போனில் வந்தான்.

“விட்டுரும்மா. ஒன்ன விட்டா வேற ஆளா இல்ல?”

“சரிப்பா, விட்டுர்றேன்” என்றேன். மனசாரத்தான் சொன்னேன். மருமகளும் பேரப்பிள்ளைகளும் வந்தால் அந்த ஐந்து அறைகளிலும் சத்தம் கேட்குமே என்று ஆசைப்பட்டேன்.

அப்படிச் சொன்ன பன்னிரண்டாம் நாள் காலையில் ரசூல் பீவி அக்கா மவுத்தானார். மல்லாங்கிணற்றில் கட்டிக்கொடுத்த மகள் ஜன்னத், அம்மாவுக்கு முடியவில்லை என்று முந்தின நாள்தான் வந்திருந்தாள். அவள் என் வாசலில் வந்து நின்றாள்.

“சாச்சி, நீங்கதான் வரணும்.”

“நான் அதை விட்டுட்டேன்மா. அருப்புக்கோட்டைக்குச் சொல்லிவிட்டா ரெண்டு மணி நேரத்துல ஆள் வந்துரும்.”

“வேணாம் சாச்சி. அம்மா சொல்லிட்டுத்தான் போனாக. நர்கிஸத் தவிர வேற யாரும் என்னயத் தொடக்கூடாது, எத்தன தடவ நோண்டியும் வாயத் தொறக்காதவ அவ ஒருத்திதான்னாக.”

என் கஞ்சியை வேண்டாம் என்ற மனுஷி. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆசாத்துக்குக் கொடுத்த வாக்கு கண்முன் நின்றது. மையத்து வீட்டுக்கு அருப்புக்கோட்டைப் பெண் வீட்டு ஆட்கள் யாராவது வராமல் இருக்க மாட்டார்கள். நான் போனால் சம்பந்தம் போய்விடும், அதில் சந்தேகமே இல்லை. ஐந்து நிமிஷம் நின்றிருப்பேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வேண்டும். வந்திருந்த பெண்களில் யாரும் முன்வராததால் ஜன்னத்தே வந்தாள். சேலைகளைக் கட்டித் திரை மறைத்தோம். குளிப்பாட்டும்போது நானும் கண்டேன், அவளும் கண்டாள். அவள் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது.

“ஊத்து” என்றேன்.

ஊற்றினாள். அழுதுகொண்டே கடைசி வரைக்கும் ஊற்றினாள். என்ன கண்டோம் என்று கேட்காதீர்கள்.

வெளியே வந்ததும் ஜன்னத்தின் மதினி அவளைப் பிடித்துக்கொண்டாள். “மாமிக்கு உள்ள என்னமும் இருந்துச்சா?”

“ஒண்ணுமில்ல மதினி. தூங்குறாப்புலதான் இருந்தாக.”

என்னைத் தவிர இன்னொருத்தி அந்தப் பொய்யைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கையெல்லாம் ஈரமாக இருந்ததால் சும்மா நின்றேன்.

மறுநாளே பெண் வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் ஆசாத் கூப்பிட்டான். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“அப்படி என்னம்மா கெடைக்குது ஒனக்கு அதுல? அதையாவது சொல்லு.”

என்னிடம் நாற்பத்திரண்டு பதில்கள் இருந்தன. ஒவ்வொரு பதிலும் ஒரு பெண்ணின் உடம்பு. ஒன்றைச் சொன்னால்கூட, டீ குடித்தபடி பேசிய அந்த அம்மாளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? என் வயிற்றில் பிறந்தவனுக்குக்கூடச் சொல்ல முடியாத காரணத்துக்காக அவனையே இழக்கிறேன் என்று அப்போது புரிந்தது.

“தெரியலப்பா” என்றேன்.

போனை வைத்துவிட்டான். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடிந்ததும் கூப்பிடுகிற பிள்ளை. அதற்குப் பிறகு ஐந்து வெள்ளிக்கிழமை போய்விட்டது.

அம்மாவின் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதலுக்கு வந்திருந்த ஜன்னத் ஊருக்குக் கிளம்பியபோது, பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. என் உடம்பிலும் மூடி வைக்க ஒன்று இருக்கிறது. அது என்னவென்று உங்களிடமும் சொல்லப்போவதில்லை.

“ஜன்னத்து, நான் மவுத்தானா நீதான் வரணும்.”

அவள் என்ன, ஏது என்று கேட்கவில்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு பஸ்ஸு மாறி வரணுமே சாச்சி. நேரமாயிட்டா?”

“ஆகட்டும். நான் எங்க எந்திரிச்சுப் போகப்போறேன்.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு முடிவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ் வந்து நின்றது. “வந்துருவேன் சாச்சி” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.