பெண்கள் பக்கம்

முஸ்பிறாவின் கடைக்குப் புது சேர்வர் பூட்ட வந்த நிரோசன் கணினித் திரையில் எதையோ மேலும் கீழுமாக உருட்டிக்கொண்டிருந்தான். முஸ்பிறா அவன் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன தம்பி, புது சேர்வர் வேல செய்யுதில்லையா?"

"அது வேல செய்யுது அக்கா. பழசத்தான் பாத்துக் கொண்டிருக்கன்."

கல்முனைக்குடியில் கல்யாண வீடுகளின் பெண்கள் பக்கத்தைப் படம் எடுப்பது முஸ்பிறாவின் தொழில். முக்காடு இல்லாத மணமகள், மருதோண்டிக் கைகள், ஆடிப் பாடும் மச்சிமார்; அந்த அறைக்குள் கெமராவோடு போக அவளை விட்டால் ஆளில்லை. ஆண் கண் படாது என்று வாக்குக் கொடுப்பாள். அந்த ஒரு வாக்கில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது. எடுத்த படங்களை மருதமுனையில் இருக்கும் அம்ஹா அல்பமாக வடிவமைப்பாள். இருவருக்கும் நடுவே படங்களை ஏற்றி இறக்க, யாரோ எப்போதோ அமைத்துக் கொடுத்த பழைய சேர்வர் ஒன்று. அதில் போகிற எதற்கும் மறைப்பில்லை, பாஸ்வேர்ட்கூட வழியில் எவனும் படிக்கும்படிதான் போகிறது, மாற்றுங்கள் என்று நிரோசன் காரைதீவிலிருந்து வரும்போதெல்லாம் சொல்வான். கல்யாண சீசன் முடியட்டும் என்று அவளும் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"வெளியால இருந்து ஆரோ உள்ளுக்க வந்திருக்கான் அக்கா. கன நாளாப் படங்கள எடுத்திருக்கான்."

"எல்லாத்தையுமா?"

"இல்ல." அவன் தலையைத் தூக்கவில்லை. "ஆம்பிளையள்ட படம், பந்தல், சாப்பாடு ஒண்டையும் தொடல்ல. பெண்கள் எண்டு பேர் போட்ட போல்டர மட்டுந்தான்."

அந்தப் பெயரை இட்டவள் அவள்தான். அம்ஹாவின் தம்பியோ, கடைக்கு வருகிற ஆண்களோ தப்பித் தவறியும் திறந்துவிடக் கூடாதென்று, ஒவ்வொரு கல்யாணத்திலும் பெண்களின் படங்களைத் தனியே பிரித்துப் பெயரும் எழுதி வைத்தாள். கள்ளனுக்குத் தேடுகிற வேலையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. தன் மீதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நீ பாத்தியா தம்பி?"

"நான் திறக்கல்ல அக்கா. பேரத்தான் பாத்தன்."

அவள் நம்பினாள். புதிய சேர்வரில் இனிப் பயமில்லைதான். போன படங்கள் எந்த ஊரில், எவன் கையில் இருக்கின்றனவோ. சொன்னால் எத்தனை வீடுகளில் இடி விழும். கடையையும் இழுத்து மூட வேண்டியதுதான். சொல்லாவிட்டால், அந்தப் பெண்கள் ஒருநாள் வேறு யாரோ காட்டித் தெரிந்துகொள்வார்கள். அவளுக்கு அழுகை முட்டியது.

அந்த நேரம் பார்த்து சபூறா மாமி கல்யாண அல்பம் வாங்க உள்ளே வந்தாள். மேசையில் இருந்த மகள் நிஹ்லாவின் அல்பத்தைத் தூக்கிப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள்.

"மாஷா அல்லாஹ்! சின்னவள்ட கலியாணத்துக்கும் நீதான் வரணும் மகள். வேற ஆரையும் நம்பேலா."

"இரிங்க மாமி." முஸ்பிறா மேசைக்கு இந்தப் பக்கம் வந்தாள். "உங்களோட ஒண்டு கதைக்கணும்."

சபூறா கதிரையை இழுத்தாள். அப்போதுதான் மூலையில் இருந்த நிரோசனைக் கண்டாள். சட்டென்று முக்காட்டுத் தலைப்பை இழுத்து, அல்பத்தின் முகப்பில் சிரித்துக்கொண்டிருந்த மகளின் முகத்தை, ஒரு மயிர்கூட வெளியே தெரியாதபடி மூடினாள்.