முப்பத்தொரு நடை

டெல்சி கேட்டது ஒரே ஒரு சன்னல். தளி சாலையில் காற்றோட்டமான வீடொன்று விலைக்கு வந்தபோது, இதை விற்றுவிட்டு அங்கே போய்விடலாம் என்றாள். கணவன் எபினேசர் இசையவில்லை.

"இருக்கற வீட்டையே சரி பண்ணிக்கலாம் டெல்சி. ஆறு மாசத்துல புது வீடாட்டம் ஆக்கிடறேன் பாரு."

பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்த வீடு. விட்டுப் போக அவளுக்கும் நெஞ்சு ஒப்பவில்லை. குடிவந்த நாள் முதல் கேட்டுவரும் சன்னலைச் சமையலறையின் கிழக்குச் சுவரில் திறந்து தந்தால் இருப்பேன் என்றாள். அவனும் வாக்குக் கொடுத்தான்; வேதத்தின்மேல் கை வைக்காததுதான் குறை.

எபினேசருக்கு ஓசூரில் வண்டி உறுப்புகள் செய்யும் ஆலையொன்றில் மேற்பார்வை வேலை. தொழிலாளர் எடுத்துவைக்கும் அடிகளை எண்ணி, வீணானவற்றைக் களைந்து, வேலையைச் செம்மையாக்குவதை அங்கே கைசன் என்பார்கள். ஆண்டுதோறும் அதற்குப் பரிசும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவன், சமையலறை மூலையில் முக்காலியைப் போட்டு, தாளும் பேனாவும் கைப்பேசியுமாக அமர்ந்துகொண்டான்.

"என்னங்க, வெங்காயம் உரிக்க வந்தீங்களா?"

"நான் இருக்கறதையே மறந்துட்டு உன் வேலையப் பாரு."

சன்னலுக்குத்தான் இடம் குறிக்கிறான் என்று நம்பி, அவள் குழம்புக்குத் தாளித்தாள்.

மறுவாரம் கிருஷ்ணகிரியில் தங்கை டெல்பினுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. மூன்று நாள் உதவிக்கு இருந்துவிட்டுத் திரும்பிய டெல்சி, சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். கிழக்குச் சுவர் கீறல் படாமல் நின்றது. ஒவ்வொரு பாத்திரமும் இருக்கவேண்டிய இடம் மஞ்சள் நாடாவால் எல்லை கட்டப்பட்டிருந்தது. பின்வாசலை முழுக்க மறைத்து ஆளுயர இரும்பு அலமாரி ஒன்று நின்றது.

"சன்னல் எங்கங்க?"

"அதுக்கு அவசியமே வராது. எல்லாம் கைக்கு எட்டற தூரத்துல வந்திடுச்சு, பாத்தியா?"

"பின்கதவ என்னாத்துக்கு அடைச்சீங்க?"

"பத்து நாள் பழகிப் பாரு, அப்பறம் நீயே சொல்லுவே."

பத்து நாளும் அவள் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. காற்றாடி பொருத்தவும் துளையற்ற அச்சுவர்களுக்குள் மிளகாய் நெடி சுழன்று சுழன்று அவள் மீதே வந்து விழுந்தது. முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு ஒரு கையால் கிளறினாள்.

பதினோராம் நாள் ஆலையில் குடும்ப விழா. வண்ணத்தாள் தோரணம், பிரியாணி மணம், பிள்ளைகளின் இரைச்சல். கைசன் போட்டியில் முதற்பரிசு பெற்ற பலகையின் முன் கூட்டம் நின்றது. எட்டிப் பார்த்த டெல்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பலகையில் இருந்தது அவள்தான்! வியர்த்து, தலை கலைந்து, கரண்டியோடு நிற்கும் அவள் படத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அருகே, 'முன்பு: 214 அடி. இப்போது: 92 அடி.' அதன்கீழே, 'பின்வாசலுக்கு 31 நடை. காரணமற்றது. நீக்கப்பட்டது.'

காரணமற்றதா! படைத்தவன் மண்ணுருவின் நாசியில் ஊதிய மூச்சை, கட்டிய கணவன் கழிவென்று எழுதி ஊரார் பார்க்க ஒட்டியிருந்தான். கொண்டவளின் முகம் பார்க்கத் தெரியாதவன், அவள் பாதங்களை மட்டும் பிசகாமல் எண்ணியிருந்தான்.

இதையறியாத மேலாளர் சிரித்த முகத்தோடு ஒலிவாங்கியை நீட்டினார். "மேடம், ரெண்டு வார்த்தை சொல்லுங்க. கிச்சன் இப்ப எப்படி இருக்கு?"

டெல்சி வாங்கிக்கொண்டாள்.

"சார், முப்பத்தொரு தடவ நான் அந்தக் கதவுக்கு ஏன் போனேன்னு இதுல எழுதியிருக்குதா?"

அவர் குனிந்து பார்த்தார். "காரணம் இல்லைன்னு போட்டிருக்கும்மா."

"மூச்சு விடப் போனேன் சார். உங்க கம்பெனியில மூச்சு விடறதும் வேஸ்ட்டுங்களா?"

"அப்படிக் கேளுக்கா!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் எழுந்தது. மேலாளர் எபினேசரைப் பார்த்தார். "என்னப்பா இது? அஞ்சு தடவ 'ஏன்'னு கேக்கணும்னு ட்ரெய்னிங்ல நீதானே சொல்லித் தர்றே?"

"எனக்கு அஞ்சு தடவ வேணாங்க சார். ஒரு தடவ கேட்டிருந்தா போதும்."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் எபினேசர் வெடித்தான்.

"நாலு பேர் முன்னாடி மானத்த வாங்கிட்டியே!"

"என் படத்த நாலு பேர் முன்னாடி ஒட்டினது யாருங்க?"

"மூச்சு முட்டுதுன்னு சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டனா?"

"பன்னெண்டு வருசமா சன்னல் கேக்கறேனே, வேடிக்கை பாக்கவா கேட்டேன்?"

அவன் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

மறுநாள் காலை கொத்தனார் திம்மப்பன் உளியும் சுத்தியலுமாக வந்து நின்றார். அழைத்தவள் டெல்சி.

"எஷ்டு அகலம்மா? சாரு அளவு குடுப்பாரா?" எவ்வளவு அகலம் என்று தன் கன்னடம் கலந்த பேச்சில் கேட்டார்.

சீருடையில் புறப்பட்டுக்கொண்டிருந்த எபினேசர், பழக்கதோஷத்தால் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"நான் குடுக்கறேன்" என்றாள் டெல்சி. கிழக்குச் சுவரில் முதுகைச் சாய்த்து இரு கைகளையும் அகல விரித்தாள். விரல்நுனிகளுக்கு அப்பால் திம்மப்பன் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தார்.

"இவ்ளோ பெரிசா?" என்றான் எபினேசர்.

அவள் சுவரைவிட்டு ஓரடி மட்டும் நகர்ந்து நின்றாள். முதல் அடியில் காரை பெயர்ந்து அவள் தோள்மீது தெறித்தது.

"தள்ளி நில்லுங்கம்மா, கண்ணுல விழும்."

"நீங்க இடிங்க."