ஆறேழு நாற்பத்திரண்டுக்குப் பிறகு

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. மூன்று வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என் மனைவி வேலை பார்த்த பள்ளியிலிருந்து பேசிய பெண்ணிடம், "அங்க ஒண்ணும் இல்லைங்க, எடுத்துடலாம்" என்றேன். எங்கே, எதை எடுப்பது என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். சொல்லி முடித்தால் பொய் நேராகிவிடும் என்ற நம்பிக்கை இல்லை. ஆனால் நாளை வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குள் நான் ஒரு முடிவுக்கு வரவேண்டும்.

(கதை எழுதுவது என் தொழில் இல்லை. பிறர் எழுதியதில் பிழை பார்ப்பதுதான் தொழில். பதினோரு வருடமாக ஒரு பதிப்பகத்துக்கு புரூஃப் பார்க்கிறேன். ஒற்று மிகுமா மிகாதா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "அவள் ஓர் ஆசிரியை. மாணவர்கள்மீது அளவற்ற அன்பு கொண்ட"

இல்லை. அளவு இருந்தது. திங்கட்கிழமை காலையில் அந்த அன்பு கால்படிகூடத் தேறாது.

இரண்டாவது தொடக்கம்: "மரணம் என்பது"

இப்படித் தொடங்கும் வாக்கியங்களை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒற்றுகளை மட்டும் சரிபார்த்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். நீங்களும் போய்விடுவீர்கள்.

மூன்றாவது: "அவள் பாடிக்கொண்டிருந்தபோது நான் கேட்டுக்கொண்டிருந்தேன்."

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அடித்துவிட்டேன். காரணத்தை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

நான்காவது: மாலை நாலே காலுக்கு வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும். முதலில் வலது, கொஞ்சம் பொறுத்து இடது. தோளில் இருபத்தெட்டு நோட்டுகள் கனக்கும் பை. புறங்கையில் சாக்பீஸ் தூள்.

"பிழை சார், இன்னைக்கு எத்தனை பிடிச்சீங்க?"

"பதினேழு."

"நான் இருபத்தெட்டு பேரைப் பிடிச்சு உக்கார வெச்சேன். யாரு பெரிய ஆளு?"

சரி, இது இருக்கட்டும். இதில் பொய் எதுவும் இல்லை.

3

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். முன்னறையில் என் மேசை, உள்ளறையில் அவள் கட்டில். நடுவே நிலை மட்டும் உண்டு, கதவு இல்லை. முன்பு குடியிருந்தவர்கள் கழற்றியதை வீட்டுக்காரர் திரும்ப மாட்டவே இல்லை. நோட்டுகளைத் திருத்தியதும் அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாட்டுச் சாதகம் செய்வாள். மூன்றாம் வகுப்புக்குக் கணக்கும் மற்றதும் சொல்லிக்கொடுத்துவிட்டு வரும் தொண்டையில் மிச்சம் இருந்ததெல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான்.

அந்த நேரத்தில் நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்வேன்.

(இந்த இடத்தில் கணவன் என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவனை யாருக்குப் பிடிக்கும்? ஒரு வரைவில் இவனைக் காது கேளாதவனாக ஆக்கிப் பார்த்தேன். உடனே கதை அழகாகிவிட்டது. அதனாலேயே கிழித்துப் போட்டேன். இவனுக்குக் காது நன்றாகவே கேட்கும். காசு கொடுத்துப் பஞ்சு வாங்கி, உருட்டி, தானே அடைத்துக்கொண்டான்.)

"என்ன, காதுக்குள்ள மெத்தை தைக்கிறீங்களா?" என்று முதல் வாரம் கேட்டாள்.

"சத்தம் இருந்தா ஒரு வரியை மூணு தடவை படிக்க வேண்டியிருக்கும்மா. நாளைக்கு புரூஃப் குடுக்கணும்."

"சத்தமா?"

"பாட்டு."

"பாடறவளைக் கட்டிக்கிட்டுக் காதுல பஞ்சு. நல்லாத்தான் பொருத்தம் பாத்தாங்க நமக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் நான் பஞ்சை எடுத்திருப்பேன். அவளோ மறுநாளிலிருந்து சுவரைப் பார்த்து உட்காராமல் நிலையைப் பார்த்து, அதாவது என்னைப் பார்த்து, உட்கார்ந்து பாடத் தொடங்கினாள்.

4

அவளுடைய எதிர்காலம் ஒரு பழைய வருகைத்தாளின் பின்பக்கத்தில் இருந்தது. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். இசைத் தேர்வில் மூன்றாம் நிலையை வருடக் கடைசிக்குள் முடிப்பது. அடுத்த வருடம் பள்ளியில் பாட்டு ஆசிரியர் பணியிடம் வரப்போவதாகப் பேச்சு இருந்தது, வந்தால் அதற்கு விண்ணப்பிப்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் முன்னறையில் பத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு. ("அன்னைக்கு மட்டும் பிழை சாரை நூலகத்துக்கு நாடு கடத்தணும்" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தாள். கதையில் நான் போடும் அடைப்புக்குறிகள் அவளிடமிருந்து வந்தவை.) நான்காவது இடத்தில் எழுத்தே இல்லை. பேனாவால் ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான்.

"இது என்ன?"

"இப்ப சொல்ல மாட்டேன். வட்டம் பெருசானா உங்களுக்கே தெரியும்."

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இரண்டு வருடமும் சில மாதங்களும் ஆகியிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு வந்தது. "எட்டுகூடப் பரவாயில்லைங்க, ஏழுலதான் மொத்தமா விழறாங்க. படிக்கட்டுல ஒரு படி இல்லாத மாதிரி. அதுக்கு ஒரு மெட்டுப் போடப்போறேன்" என்றாள். இரண்டு வாரம் சாயங்காலமெல்லாம் அதே வேலை. நான் பார்த்தது இவ்வளவுதான். அவள் வாய் அசையும். முழங்கால்மேல் விரல்கள் தாளம் போடும். ஓரிடத்தில் வாய் மூடிக்கொள்ளும். அப்போது நிலை வழியாக என்னைப் பார்ப்பாள். பார்வை மேலே பட்டால் தெரியும்தானே? நிமிர்ந்து, பாட்டு முடிந்துவிட்டது போல என்று நினைத்து, நன்றாக இருக்கிறது என்பதாகத் தலையாட்டுவேன். அவள் திரும்பவும் தொடங்குவாள். மறுபடி முதலிலிருந்தா என்று எண்ணிக்கொண்டு நான் குனிந்துகொள்வேன்.

ஒரு நாள் அவள் பார்த்தது தெரிந்தும் நான் நிமிரவில்லை. புரூஃபில் ஒரு வரி பாதியில் நின்றது, அதை முடித்துவிட்டு நிமிரலாம் என்று இருந்தேன். கடைக்கண்ணில் அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன. முழங்கால்மேல் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு வாய் மறுபடி அசைந்தது.

இதை இப்போதைக்கு இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன்.

5

இந்தப் பகுதியில் பதினோரு நாட்கள் இருந்தன. எழுதினேன், எடுத்துவிட்டேன். காய்ச்சல் என்றுதான் மருத்துவமனைக்குப் போனோம். பன்னிரண்டாம் நாள் நான் மட்டும் திரும்பினேன்.

எடுக்காமல் விட்டது ஒன்று உண்டு. அவள் பை முன்னறையிலேயே இருந்தது. பதினாறு நோட்டுகள் திருத்தியாகிவிட்டன, பன்னிரண்டு பாக்கி. பள்ளியிலிருந்து வந்து வாங்கிப்போகும் முன் அவளுடைய சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பன்னிரண்டையும் நான் திருத்த உட்கார்ந்தேன். ஏழாம் வாய்ப்பாடு. பன்னிரண்டிலும் ஒரு பிழைகூட இல்லை. எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

அதன் பிறகும் மாலையானால் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். எட்டு மாதமாக. பஞ்சு இருந்தால், உள்ளறையில் பாட்டு நடந்துகொண்டுதான் இருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். எடுத்துவிட்டால் அப்படி வைத்துக்கொள்ள முடியாது.

6

"சார், நான் இங்க புதுசா வந்திருக்கிற பாட்டு டீச்சர்" என்றது அந்தப் போன்.

பணியிடம் வந்திருக்கிறது. நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"பிள்ளைங்க ஏழாம் வாய்ப்பாட்டைப் பாட்டாவே பாடுதுங்க சார். மேடம் போட்டதாமே, ரொம்ப அழகா இருக்கு. பெற்றோர் தினத்துக்கு அதையே மேடையேத்தலாம்னு இருக்கேன். ஒரே ஒரு சந்தேகம். ஆறேழு நாற்பத்திரண்டுக்கு அப்புறம் நாலு எண்ணிக்கை சும்மா நிக்குதுங்க. அங்க ஏதாவது வரி விட்டுப்போச்சா? வீட்டுல பாடும்போது நீங்க கேட்டிருப்பீங்களே."

நீங்க கேட்டிருப்பீங்களே.

(இந்த இடத்தில் உண்மையைச் சொல்கிற கணவன் ஒருவனை எழுதிப் பார்த்தேன். அவன் பேசினால் நான் பேசுவதுபோல் இல்லை.)

"அங்க ஒண்ணும் இல்லைங்க" என்றேன். "எடுத்துடலாம்."

பத்து நாள் கழித்து மறுபடி அழைத்தாள். "எடுத்துட்டேன் சார். ஆனா அதுங்க எடுக்க மாட்டேங்குதுங்க. சொன்னா தலையாட்டுதுங்க, பாடும்போது நின்னுடுதுங்க. நீங்க ஒரு தடவை வந்து சொல்லிட்டீங்கன்னா கேக்கும்."

நேற்றுப் போனேன்.

7

அது அவளுடைய வகுப்பறைதான். பாட்டு டீச்சர் மிகவும் சின்னப் பெண். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தேடினாள், கிடைக்காமல் தடுமாறினாள். "பரவால்லைங்க, இங்கயே நிக்கறேன்" என்று வாசலிலேயே நின்றுகொண்டேன். வழியெல்லாம் காதில் இருந்த பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பாடினார்கள்.

என்ன ராகம் என்று எனக்குத் தெரியாது. ஈரேழு பதினாலில் மெட்டு ஒரு படி இறங்கியது, மூவேழு இருபத்தொன்றில் மறந்துவிட்ட எதையோ எடுக்கப்போவதுபோலத் திரும்ப மேலே ஏறியது. இரண்டு வாரம் என்னிடமிருந்து எட்டடி தூரத்தில் உட்கார்ந்து அவள் செய்த பாட்டை முதல் தடவையாகக் கேட்டேன். ஐயேழு முப்பத்தைந்து. ஆறேழு நாற்பத்திரண்டு.

அங்கே நிறுத்தினார்கள். இருபத்தெட்டுத் தலைகளும் ஒன்றாகத் திரும்பி வாசலைப் பார்த்தன.

எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்து நானும் திரும்பிப் பார்த்தேன். நடைவழியில் யாரும் இல்லை. சுவரோரமாக ஒரு வாளி, அதன்மேல் காயப்போட்ட தரை துடைக்கும் துணி. நான் மறுபடி திரும்பும்போது அவர்கள் ஏழேழு நாற்பத்தொன்பதில் இருந்தார்கள்.

"பாத்தீங்களா சார்? இதான்" என்றாள் பாட்டு டீச்சர்.

முன்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி எழுந்தாள். "அங்க வாசலைப் பாக்கணும் மிஸ்."

"எதுக்கு?"

"அங்க ஒருத்தங்க தலையாட்டுவாங்க. ஆட்டினா ஏழேழு. டீச்சர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க."

"யாரும் ஆட்டலைன்னா?" நான்தான் கேட்டேன்.

"ஆட்டலைன்னா நாலு எண்ணிட்டு நாமளே போயிடணும்." பிறகு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "நீங்க ஆட்டவே இல்லையே அங்கிள்."

"ஏய், உக்காரு. அவரு யாருன்னு தெரியுமா?"

"தெரியும் மிஸ். பிழை சார்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. என்னைப் பற்றியும் அவள் அங்கே சொல்லியிருக்கிறாள். எவ்வளவு சொன்னாளோ. பஞ்சைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டாள். அவள் அப்படித்தான்.

நடைவழியில் பாட்டு டீச்சரிடம் சொன்னேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க. அங்க ஒண்ணும் இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்? இன்னைக்கு வரைக்கும் நான் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை."

அவள் கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள்.

"வெள்ளிக்கிழமைதான் பெற்றோர் தினம். பத்து மணிக்கு வாங்க சார்" என்றாள். "அரங்கத்து வாசல்ல ஒரு நாற்காலி போட்டு வைக்கறேன். வர முடியலைன்னாலும் பரவால்ல. நாங்க நாலு எண்ணிக்குவோம்."

8

முடிவு ஒன்று. அவன் போகிறான், தலையாட்டுகிறான், பிள்ளைகள் ஏழேழுக்குப் போகிறார்கள், கைதட்டல். எழுதிப் படித்துப் பார்த்தேன். என் மேசைக்கு இப்படி ஒரு முடிவு வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போடுவேன். இரண்டு வாரம் கேட்காமலே தலையாட்டியவன் கடைசியில் ஒரு தடவை கேட்டுவிட்டு ஆட்டினால் கணக்கு தீர்ந்துவிடுமா? பார்த்தவள் அங்கே இல்லையே.

முடிவு இரண்டு. அவன் போகவில்லை. பிள்ளைகள் நாற்காலியைப் பார்க்கிறார்கள், நான்கு எண்ணுகிறார்கள், போய்விடுகிறார்கள். இதில் ஒரு குறையும் இல்லை. இதற்குத்தான் அவள் அவர்களைப் பழக்கியிருக்கிறாள். அந்த நான்கு எண்ணிக்கை எந்தச் சாயங்காலத்தில் பிறந்தது என்று இப்போது உங்களுக்கும் தெரியும். நான் ஒரு வரியை முடிக்கிற நேரம் அது.

முடிவு மூன்று. மாலை நாலே கால். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். முதலில் வலது

வேண்டாம்.

9

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சொல்லை அவசரப்பட்டு அடித்துவிட்டால், அடித்ததை அழிக்க முடியாது. அதனால் அந்தச் சொல்லின் அடியில் வரிசையாகப் புள்ளிகள் வைப்போம். திருத்தியவன் தவறு செய்துவிட்டான், அந்தச் சொல் இருந்தபடியே இருக்கட்டும் என்று அதற்குப் பொருள். அச்சுக்கோப்பவருக்கு அது போதும். காரணம் கேட்க மாட்டார்.

போனில் நான் அடித்தது நான்கு எண்ணிக்கை. புள்ளிகளைக் கீழே வைத்திருக்கிறேன்.

நாளைக்கு நான் போவேனா என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் எழுதியதையே செய்ததாக எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். பஞ்சு இரண்டும் மேசைமேல் இருக்கின்றன. காது திறந்திருக்கிறது. உள்ளறையில் ஒரு சத்தமும் இல்லை. இல்லை என்பது நன்றாகவே கேட்கிறது.

இதுவரை வந்துவிட்டீர்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் உட்கார்ந்து படிக்கும் அறையில் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே யாராவது நின்றால் நல்லது. இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் சிறுமி சொல்லியிருக்கிறாள்.

ஐயேழு முப்பத்தைந்து.

ஆறேழு நாற்பத்திரண்டு.

.   .   .   .