பவளத்தின் வயிற்றுவார்

சேணத்தை முதுகில் வைத்து வயிற்றுவாரை இழுத்தால் குதிரை பவளம் கடிக்கும். முதலில் செல்லச்சாமியின் தோள்துண்டு போனது, பிறகு சட்டைக்கை போனது, கடைசியில் அவன் அப்பா ராக்கப்பனின் முழங்கையிலேயே பல் பதிந்துவிட்டது. பெரியவருக்குக் கடித்ததைவிட, களத்தில் நின்ற வேலையாட்கள் சிரித்ததுதான் பொறுக்கவில்லை.

"ஏலே, புரவி எடுப்பு அன்னைக்கு அய்யனார் கோயிலுக்குப் போற மண்குதிரைகளுக்கு முன்னால நீ இதுல ஏறிப் போகணும். அன்னைக்கு நானே வார் கட்டுவேன். ஊருக்கு முன்னால பல்லைக் காட்டுச்சு, மறுநாளே கருவாட்டு யாவாரி மதார் வண்டிக்குக் குடுத்துருவேன். தங்கச்சிமடத்துல இருந்து கருவாட்டு மூடை இழுத்தாத்தான் புத்தி வரும்" என்று சொல்லிவிட்டு, காப்புக் கட்டிக்கொண்டு கோயிலில் தங்கப் போய்விட்டார். திருவிழா முடியும்வரை அவருக்கு அங்கேதான் படுக்கை.

செல்லச்சாமியின் மனைவி வெள்ளையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜமீன் ஒழிந்த வருஷம் யாரோ ஓர் அதிகாரி விற்றுவிட்டுப் போன குதிரை அது. அவளும் அதுவும் ஒரே மாதத்தில்தான் அந்த வீட்டுக்கு வந்தார்கள். புது இடத்தில் அவள் மனம்விட்டுப் பேசியது அதனிடம் மட்டும்தான்.

குதிரைக் கொட்டத்துக்குப் போய்ப் பவளத்தின் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தாள். எங்கே தொட்டாலும் சும்மா நின்றது. முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்குப் பின்னால் விரல் பட்டதும் வெடுக்கென்று தலை திரும்பியது. குனிந்து பார்த்தாள். மயிர் உதிர்ந்து, தோல் உரிந்து சிவந்திருந்தது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

வாரை எடுத்துப் பார்த்தாள். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலைத் தோலில் வெட்டியது, பலகைக்கு அண்ணன். போதாக்குறைக்கு விளிம்பெல்லாம் சலங்கை.

"இதை இம்புட்டு முன்னால கட்டச் சொல்லி யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? கோயில்ல நிக்கிற மண்குதிரையப் பாத்துத்தான் செஞ்சேன். அங்கன வார் காலை ஒட்டித்தான இருக்கு? சலங்கைகூட அப்படியேதான்" என்றான் செல்லச்சாமி பெருமையாக.

வெள்ளையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தக் குதிரை நின்ன இடத்தை விட்டு ஒரு எட்டு வச்சிருக்கா? நடக்குற குதிரைக்கு எட்டுக்கு எட்டு உரசாதா?"



மெத்தென்று, அகலமாக, வியர்வையை உறிஞ்சுகிற மாதிரி ஏதாவது வேண்டும். சுற்றிப் பார்த்தவளின் கண் மாமனாரின் நாடாக் கட்டிலில் போய் நின்றது. நல்ல பருத்தி நாடா, அவர் படுத்துப் படுத்துப் பஞ்சாகியிருந்தது.

"அய்யா என்னையக் கொன்னுபோடுவாரு!"

"நீங்க கோயில் பக்கம் போயிருங்க. நான் பாத்துக்கிறேன்."

நாடாவை உருவி, நாலு மடிப்பாக வைத்துக் கோணி ஊசியால் தைத்து, பழைய கொக்கிகளையே மாட்டினாள். புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவினாள்.

திருவிழா அன்று ஊரே கூடி நின்றது. வார் புதிது என்பதைக்கூடக் கவனிக்காமல், ராக்கப்பன் வழக்கம்போல் முன்னங்காலை ஒட்டி வைத்து ஒரே இழுப்பாக இழுக்கப் போனார். பவளத்தின் காது பின்னால் படிந்தது. கூட்டம் விலகியது.

"மாமா, அங்கன வேணாம்!" என்று கத்திவிட்டாள் வெள்ளையம்மாள். சபையில் மருமகள் குரல் கேட்டு ஊரே திரும்பிப் பார்த்தது. அவள் நிறுத்தவில்லை. "நாலு விரல் பின்னால தள்ளுங்க. மொதல்ல தளர்வா மாட்டுங்க. கொஞ்சம் நடத்திட்டு அப்புறமா இறுக்குங்க. உள்ள உங்க கை நுழையணும்."

ராக்கப்பன் முறைத்தார். ஆனாலும் வாரைத் தள்ளினார். மாட்டினார், நடத்தினார், இறுக்கினார், கையை உள்ளே விட்டுப் பார்த்தார். பவளம் தலையைத் திருப்பியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அது அவர் தோளில் மூக்கை வைத்து, புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது.

வெள்ளையம்மாளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் மாமனாரின் கை வாருக்கடியிலிருந்து வெளியே வரவில்லை. விரல்கள் நாடாவைத் திரும்பத் திரும்பத் தடவின. அந்தப் பஞ்சு அவர் முதுகுக்குத் தெரியாததா? மெதுவாக மருமகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சேணத்தில் ஏறுவதற்குக் காலைத் தூக்கிய செல்லச்சாமியைக் கையால் மறித்தார்.

"தள்ளுலே. மதாரை வேற குதிரை பாக்கச் சொல்லு. எனக்குப் படுக்கத்தான் கட்டில் இல்ல, உக்காரவாச்சும் இந்தப் பவளம் இருக்கட்டும்."